கிராமச் செவிலியரும் மேற்பார்வையும்

ஐக்கிய நாணய சங்கத்தின் அங்கத்தினர்களுக்கு மேற்பார்வை என்னும் சொல் புதிதன்று. 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ்ச் சென்னை மாகாணத்தில் சங்கங்கள் தோன்றிப் பெருகத் தொடங்கிய சில காலத்திற்குள்ளாகவே, கணக்கைத் தணிக்கை செய்வது ஒரு காரியம், சங்கத்தை நடத்துவோருக்கு அருகிலிருந்து வழிகாட்டுவது மற்றொரு காரியம் என்பது தெளிவாயிற்று. பின்னதற்கென்றே மேற்பார்வை யூனியன்கள் ஏற்பட்டன. தணிக்கைக்கு வருபவர் ரொக்கத்தையும் பேரேட்டையும் ஒப்பிட்டுக் குற்றங்குறைகளை எழுதிவிட்டுப் போவார். மேற்பார்வைக்கு வருபவரோ, காரியதரிசியின் பக்கத்தில் அமர்ந்து, தவணை தவறிய கடன் ஏன் தவறிற்று, விளைச்சல் பொய்த்ததா அல்லது நாணயம் பொய்த்ததா என்று விசாரித்து, மேலே செய்யத்தக்கது யாதென்று கலந்து பேச வேண்டியவர்.

இவ்விரு காரியங்களும் ஒருவரிடத்திலேயே சேர்ந்து, முன்னது பின்னதை விழுங்கிவிடுமாயின் என்ன நேரும் என்பதும் அங்கத்தினர் பலர் கண்டதே. வசூல் குறைந்தால் ஏச்சு விழும் என்று அஞ்சிய காரியதரிசி, பழைய கடன் தீர்ந்ததாக வரவிலும், அதே தேதியில் புதுக் கடன் கொடுத்ததாகச் செலவிலும் எழுதிவிடுகிறார். ஒரு ரூபாயேனும் கை மாறியிராது. பேரேடு மட்டும் செழித்திருக்கும். சில வருஷங்கழித்துச் சங்கம் மூழ்கும் சமயத்திலேயே உண்மை வெளிப்படும்.

கிராமத்தாரின் தேக நலத்தைப் பேணும் ஊழியர்களிடத்திலும் மேற்பார்வை இவ்வாறே கெடுவதுண்டு. அங்கே ஏட்டில் எழுதப்படுவது பணமன்று. கர்ப்பிணியின் இரத்த அழுத்தமும், சிசுவின் எடையுமாம். அந்த ஏடு பொய்த்தால் மூழ்குவது ஓர் உயிர். ஆதலால் சுகாதார ஊழியத்தில் மேற்பார்வை எவ்வாறு நடைபெற வேண்டும், அதில் எழும் சங்கடங்கள் யாவை, அவற்றை எவ்வாறு தீர்ப்பது என்பவற்றைக் கிராமத்தார் அறிந்திருத்தல் நலம்.

செவிலியரும் அவருக்கு மேலுள்ளோரும்

சமவெளிப் பிரதேசங்களில் சுமார் 5,000 ஜனங்களுக்கும், மலைப்பிரதேசங்களில் சுமார் 3,000 ஜனங்களுக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது அரசாங்கத்தின் அளவு. தமிழ்நாட்டில் இந்நிலையத்தின் பொறுப்பை ஏற்றிருப்பவர் கிராம சுகாதாரச் செவிலியர். ஊரார் அவரை நர்ஸம்மா என்று அழைப்பர். கருவுற்றோரைப் பதிவு செய்தல், இரத்த அழுத்தமும் இரத்தச் சத்தும் பார்த்தல், தடுப்பூசி போடுதல், பிறந்த குழந்தையை வீடு சென்று பார்த்தல், குடும்ப நலம் பற்றி எடுத்துரைத்தல் முதலிய பணிகள் அவருடையவை. இவற்றுள் ஒவ்வொன்றிற்கும் ஓர் ஏடோ கணினிப் பதிவோ உண்டு. அவருக்கு மேல் பகுதி சுகாதாரச் செவிலியரும், வட்டார அளவில் சமுதாய சுகாதாரச் செவிலியரும், ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலரும் உளர்.

எத்தனை ஊழியருக்கு ஒரு மேற்பார்வையாளர் என்பது சிறிய விஷயமன்று. 1973-இல் கர்த்தார் சிங் கமிட்டி, மூன்று நான்கு ஊழியர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் இருத்தல் வேண்டுமென்று கருதிற்று. பின்னர் ஆறு துணை நிலையங்களுக்கு ஒருவர் என்பது நாட்டின் பொது அளவாயிற்று. ஆறு நிலையங்களென்றால் சுமார் 30,000 ஜனங்கள். தடுப்பூசி நாட்களும், மாதக் கூட்டமும், மேலிடத்திற்கு அனுப்பும் விவரப் பட்டியல்களும் போக, ஒரு செவிலியருடன் நிதானமாக உட்கார்ந்து பேச எத்தனை நாழிகை எஞ்சும் என்பதைக் கணக்கறிந்த அங்கத்தினர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மேற்பார்வை என்னும் இம்முறை முதன்முதல் சமூக ஊழியத்தில் வேரூன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தரும சங்கங்கள், ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று விசாரிக்கத் தொண்டர்களை அனுப்பின. அத்தொண்டர்களைப் பழக்கி நடத்தச் சம்பளம் பெறும் ஊழியர்கள் அமர்த்தப்பட்டனர். 1976-இல் ஆல்பிரட் கதூஷின் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இதைப் பற்றி ஒரு நூல் இயற்றி, மேற்பார்வைக்கு மூன்று பணிகள் உண்டென்று வகுத்துக் காட்டினார். வேலை ஒழுங்காக நடைபெறுகிறதா என்று பார்க்கும் நிர்வாகம் ஒன்று. தெரியாததைக் கற்பிக்கும் போதனை மற்றொன்று. ஊழியரின் மனம் சோர்ந்துவிடாமல் தாங்கும் ஆதரவு மூன்றாவது. இங்கிலாந்தில் பிரிஜிட் பிராக்டர் என்பவர் வேறு பெயர்களிட்டு இம்மூன்றையே கூறினார். தாதிமார்களின் உலகில் அவர் வகுப்பே பெரிதும் வழங்குகிறது.

நூலில் மூன்றும் அடுத்தடுத்து அழகாக அமைந்துள்ளன. ஆனால் வேலையில் ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே நாற்காலியிலிருந்து மூன்றையும் செய்ய வேண்டியிருக்கிறது. உன் தவறுகளை என்னிடம் மறைக்காமல் சொல் என்று கேட்பவரும், அத்தவறுகளுக்காக விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பக்கூடியவரும் ஒருவரே. இத்துறையில் எழும் சங்கடங்களுட் பெரும்பாலானவை இந்த ஒரு வேரிலிருந்து கிளைப்பவை.

எல்லோருக்கும் 120-க்கு 80

ஒரு கிராமத்தை உதாரணமாகக் கொள்ளலாம். அங்கே கர்ப்பவதிகள் நாற்பது பேர். பகுதிச் செவிலியர் ஏட்டைப் புரட்டுகிறார். முதல் பெயருக்கு நேரே இரத்த அழுத்தம் 120-க்கு 80. இரண்டாவது பெயருக்கும் 120-க்கு 80. பக்கம் முழுவதும் அவ்வாறே. ஒரு கட்டமும் காலியில்லை, கையெழுத்தும் அழகாயிருக்கிறது.

“எல்லாம் சரியாக இருக்கிறதா, சிஸ்டர்?”

“சரியாக இருக்கிறது, அம்மா.”

பகுதிச் செவிலியர் தேதியிட்டுக் கையொப்பமிட்டுப் புறப்படுகிறார். விதிப்படி மேற்பார்வை முடிந்தது.

நாற்பது ஸ்திரீகளை உள்ளபடியே அளந்தால் 104-க்கு 66, 116-க்கு 74, 128-க்கு 82 என்று எண்கள் சிதறி நிற்கும். எல்லாக் கடன்காரரும் ஒரே தேதியில் பாக்கியின்றிச் செலுத்தியதாகக் காட்டும் பேரேட்டைக் கண்டால் அனுபவமுள்ள சங்கத்தார் சிரிப்பர் அல்லரோ? அதே சந்தேகம் இந்தப் பக்கத்தைக் கண்டவுடனும் எழ வேண்டும். அழுத்தம் 140-க்கு 90 அல்லது அதற்கு மேலாயின் அது அபாயத்தின் அறிகுறி. மறுபடியும் அளந்து பார்த்து, சிறுநீரையும் சோதித்து, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அவ்வாறு செய்யாது விட்டால், கர்ப்பத்தின் பிற்பகுதியில் வலிப்புக் கண்டு தாயும் சிசுவும் மாண்டுபோவதுண்டு. அந்த நாற்பதில் ஒருத்திக்கு அவ்விதம் இருந்து, அவள் பெயருக்கு நேரேயும் 120-க்கு 80 என்று எழுதப்பட்டிருக்குமாயின், அந்தக் கையொப்பம் யாரைக் காத்தது?

ஏன் இவ்வாறு எழுதப்படுகிறது என்பதே அடுத்த கேள்வி. செவிலியர் சோம்பேறி என்று முடிவு கட்டுவது எளிது. அது பெரும்பாலும் உண்மையுமன்று. கருவியின் ரப்பர்க் குழாயில் காற்றுக் கசியலாம்; புதுக் கருவி கேட்டு எழுதியும் வராதிருக்கலாம். அன்று தடுப்பூசி நாளாகி, வரிசையில் குழந்தைகள் அழுதுகொண்டிருக்கலாம். அல்லது சென்ற மாதக் கூட்டத்தில், 150-க்கு 100 இருந்த ஒருத்தியைப் பற்றிச் சொன்ன செவிலியரை, அவளை ஏன் முன்னதாகவே அனுப்பவில்லை என்று பதினைந்து பேர் முன்னிலையில் நிற்க வைத்துக் கேட்டிருக்கலாம். அதைக் கண்ட மற்றவர்கள் என்ன கற்றார்கள்? அபாயத்தைக் கண்டுபிடித்தவருக்கு ஏச்சும், காணாதவருக்கு அமைதியும் கிடைக்கின்றன என்பதையே கற்றார்கள். ஒரு கூட்டத்தில் விழுந்த ஏச்சு, பின்வரும் பல மாதங்களின் ஏடுகளைப் பொய்யாக்கிவிட வல்லது.

திறமையுள்ள மேற்பார்வையாளர் அந்தப் பக்கத்தைக் கண்டவுடன் குற்றப் பத்திரிகை எழுத உட்காரமாட்டார். ஏட்டை மூடிவிட்டு, “வாருங்கள், இன்று நாலு வீட்டுக்குச் சேர்ந்தே போய் வருவோம், கருவியையும் எடுத்துக்கொள்ளுங்கள்” என்பார். முதல் வீட்டில் செவிலியர் அளக்க, அவர் பார்த்திருப்பார். இரண்டாவது வீட்டில் அவர் அளக்க, செவிலியர் பார்த்திருப்பார். கருவி கெட்டிருந்தால் அங்கேயே தெரியும். கைப்பழக்கம் குறைந்திருந்தால் அதுவும் தெரியும்; யாருடைய மானமும் போகாமல் அங்கேயே திருந்தும். இரண்டும் சரியாயிருந்தும் எழுத்து மட்டும் பொய்யென்றால், வீடு திரும்பும் வழியில் தனியே பேச வேண்டிய பேச்சு ஒன்று உண்டு. அதைப் பேசாமல் விடுவதும் தவறே.

இப்பேச்சை எவ்வாறு தொடங்குவது என்பதிலேயே பலர் தடுமாறுகின்றனர். “நீங்கள் எப்போதும் இப்படித்தான்” என்று ஆளைப் பற்றிப் பேசினால் பகை மூளும். “இந்தப் பக்கத்தில் நாற்பது எண்களும் ஒன்றாக உள்ளன, இன்று அளந்த நாலும் வேறு வேறாக இருந்தன, இது எவ்வாறு நேர்ந்தது?” என்று கண்டதைச் சொல்லிக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மௌனமாயிருத்தல் வேண்டும். அந்த மௌனத்தைப் பொறுக்கமாட்டாமல் கேட்டவரே பதிலும் சொல்லிவிடுவது மேற்பார்வையாளரிடம் அடிக்கடி காணப்படும் குறை.

பட்டணத்திலும் இதே கதை

இது படிப்புக் குறைந்த இடங்களில் மட்டும் நேர்வது என்று எண்ணலாகாது. லண்டன் மாநகரில் 2000-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், விக்டோரியா கிளிம்பியே என்னும் எட்டு வயதுச் சிறுமி, தன்னை வளர்க்க ஏற்றவர்களின் கொடுமையால் மாண்டாள். சமூக ஊழியர்கள், வைத்தியசாலைகள், போலீஸார் ஆகிய பலரும் அவளை அறிந்திருந்தனர். அவளைக் காத்திருக்கக்கூடிய பன்னிரண்டு சந்தர்ப்பங்களேனும் தவறவிடப்பட்டன என்று லார்ட் லேமிங் தலைமையில் நடந்த விசாரணை கண்டது. 2003-இல் வெளியான அதன் அறிக்கை 108 சிபார்சுகளைச் செய்தது. ஊழியர்களின் மேற்பார்வை பெயரளவில் நடந்தது என்பது அவ்வறிக்கை சுட்டிய குறைகளுள் முக்கியமானது. பட்டம் பெற்ற ஊழியர்கள், அலுவலகம், தொலைபேசி, சட்டம் யாவும் இருந்தன. அனுபவம் குறைந்த ஓர் ஊழியரிடம் கட்டைத் திறந்து வைத்து, அந்தக் குழந்தையைத் தனியே பார்த்தீர்களா, அவள் என்ன சொன்னாள், நீங்கள் நம்பியதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கும் கேள்விகளே இல்லாதிருந்தன.

இதற்கு மாறாக, மேற்பார்வை ஒழுங்காக அமைந்த உதாரணமும் உண்டு. அது தமிழ்நாட்டிலேயே உண்டு. உலக வங்கியின் கடனுதவியுடன் 1980-இல் தொடங்கி, இரண்டு கட்டங்களாக 1997 வரை நடந்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், கிராமத்துப் பெண்களே ஊட்டச்சத்து ஊழியர்களாக அமர்த்தப்பட்டனர். ஆறு மாதம் முதல் முப்பத்தாறு மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை கூடாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் உணவளித்து, தேறியவுடன் நிறுத்துவது முறை. முதற் கட்டத்தில் பத்து ஊழியர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். பத்து என்பது மேற்கூறிய ஆறைவிட அதிகமே. ஆயினும் அங்கே ஊழியரின் வேலைகள் குறைவாகவும் தெளிவாகவும் இருந்தன; ஆகவே மேற்பார்வையாளர் எதைப் பார்க்க வேண்டும் என்பதில் மயக்கமில்லை. குழந்தைகளின் கணக்கு நிலையத்தின் பலகையில் ஊரார் காண எழுதப்பட்டது. தாய்மார் கண்ணெதிரே குழந்தை தராசில் ஏறி இறங்கும்போது பொய் எண்ணுக்கு இடம் குறைகிறது. வேலையைக் குறைக்காமல் மேற்பார்வையாளரை மட்டும் கூட்டினால் இப்பலன் வருமா என்பது சந்தேகமே.

சங்கடங்களும் பரிகாரங்களும்

முதலாவதாக வேண்டுவது ஓர் உடன்படிக்கை. புதிதாக ஒரு மேற்பார்வையாளர் வந்தவுடன், செவிலியரும் அவரும் அரை மணி நேரம் அமர்ந்து சில விஷயங்களைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மாதத்தில் எந்த நாள், எவ்வளவு நேரம் சந்திப்பது. எதைப் பற்றிப் பேசுவது. பேசியதில் எது இருவருக்குள் நிற்கும், எது மேலிடம் போகும். கருத்து மாறுபட்டால் யாரிடம் கொண்டுபோவது. இவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுதல் நன்று. சங்கத்திற்கு உபவிதிகள் இருப்பது போலவே இதுவும். சண்டை வந்த பிறகு உபவிதி எழுதப் புகுந்தால் ஒருவரும் ஒப்பமாட்டார்.

இரகசியத்தைப் பற்றிய பேச்சு முன்கூட்டியே முடிந்திருத்தல் மிக அவசியம். செவிலியர் தம் கையாலாகாமையையும் அச்சத்தையும் சொல்லும்போது அது மாதக் கூட்டத்தில் எதிரொலிக்கக் கூடாது. ஆனால் ஒரு தாய்க்கோ குழந்தைக்கோ உயிருக்கு ஆபத்தானது, பணம் வாங்கியது, சட்டத்திற்கு மாறானது ஆகியவற்றை மறைத்து வைக்க எந்த மேற்பார்வையாளரும் வாக்களிக்க முடியாது. “இவை மூன்றும் தவிர மற்றவை இங்கேயே நிற்கும்” என்று முதல் நாளே சொல்லிவிட்டால், பின்னர் மேலிடத்திற்குத் தெரிவிக்க நேரும்போது அது துரோகமாகத் தோன்றாது. நோயாளிகளின் இரகசியமும் அவ்வாறே. மணமாகாத பெண்ணின் கர்ப்பமோ, ஒருவருக்கு வந்த எச்.ஐ.வி. தொற்றோ பெயருடன் கூட்டத்தில் பேசப்படுமாயின், மறுநாள் காலையில் அது ஊர்க் கிணற்றடியில் இருக்கும்.

வயதும் பதவியும் முரண்படுவது மற்றொரு சங்கடம். இருபத்தைந்து வருஷம் ஒரே வட்டாரத்தில் ஊழியம் செய்து, தாம் பிறப்பித்த குழந்தையின் குழந்தையையும் கையிலேந்திய செவிலியரின் மேல், முப்பது வயதுக்குட்பட்ட மருத்துவர் மேலதிகாரியாக வருகிறார். செவிலியர் எழுந்து நிற்கிறார். ஆனால் செவி கொடுப்பதில்லை. மருத்துவரோ தம் அதிகாரம் செல்லவில்லையே என்று குரலை உயர்த்துகிறார். இங்கே முதலில் இறங்கி வர வேண்டியவர் அதிகாரமுள்ளவரே. “இந்த ஊரில் எந்தத் தெருவில் பெண்கள் வைத்தியசாலைக்கு வர மறுக்கிறார்கள், ஏன் மறுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, அதை எனக்குச் சொல்லுங்கள்” என்று மருத்துவர் கேட்டுக் கற்றுக்கொண்டால், புதிய மருந்து முறையை அவர் சொல்லும்போது செவிலியரும் கேட்டுக்கொள்வார். ஜாதி வேற்றுமை இடையில் நிற்குமாயின் சங்கடம் இன்னும் ஆழமானது. அதை இல்லையென்று பாவிப்பதால் அது போய்விடாது. சந்திப்பு யார் வீட்டுத் திண்ணையிலும் நடவாமல் நிலையத்திலேயே நடைபெறுவதும், எல்லோருக்கும் ஒரே விதமான ஆசனமும் ஒரே விதமான மரியாதைச் சொல்லும் வழங்குவதும் குறைந்தபட்சத் தேவை.

கடுமையால் கெடும் மேற்பார்வையைப் பற்றியே பலரும் பேசுவர். தாட்சண்யத்தால் கெடுவதும் அதே அளவு உண்டு. இருவரும் ஒரே பள்ளியில் பயிற்சி பெற்றவர்கள். ஒரே பஸ்ஸில் வருபவர்கள். ஒருவர் வீட்டு விசேஷத்திற்கு மற்றவர் போகிறவர். இந்நிலையில், செவிலியர் இரண்டு வாரமாகக் குக்கிராமத்திற்குப் போகவில்லை என்பதைக் கேட்க நா எழுவதில்லை. சிரித்துப் பேசி, காப்பி குடித்து, சந்திப்பு முடிகிறது. அந்தக் குக்கிராமத்தில் தடுப்பூசி தவறிய குழந்தைகள் மட்டும் அந்தச் சிநேகத்தின் விலையைக் கொடுக்கின்றன. ஒவ்வொரு சந்திப்பிலும் சென்ற முறை எழுதிய குறிப்பை முதலில் வாசிப்பது என்னும் ஒரு பழக்கம் இதைப் பெரிதும் தடுக்கும். சங்கக் கூட்டத்தில் சென்ற கூட்டத்து மினிட் வாசிப்பதில்லையா? அதே காரணத்திற்காகவே இதுவும்.

சந்திப்பில் பேசவேண்டியது எது? எல்லா ஏடுகளையும் புரட்டி எதையும் ஆராயாமல் விடுவதினும், ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு அடிவரை பார்ப்பது மேல். “இந்த மாதம் எந்த வீட்டைப் பற்றி உங்களுக்குக் கவலை அதிகம்?” என்னும் கேள்விக்கு, எல்லாம் சரி என்று பதில் சொல்வது எளிதன்று. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழேயுள்ள ஒரு பெண் வைத்தியசாலைக்கு வர மறுக்கிறாள் என்று செவிலியர் சொல்வார். மாத்திரை கொடுத்தீர்களா என்பதோடு மேற்பார்வையாளர் நிற்கலாகாது. மறுப்பவள் அவளா, மாமியாரா? சென்ற பிரசவத்தில் அங்கே அவளை யாரேனும் ஏசினார்களா? கூலி வேலையை விட்டு வந்தால் அன்றைய சாப்பாட்டுக்கு வழி என்ன? ஒரு வீட்டை இவ்வாறு ஆராய்ந்த செவிலியர் அடுத்த வீட்டைத் தாமே ஆராயக் கற்றுக்கொள்வார்.

இக்காலத்தில் கைத்தொலைபேசியின் வழியாகவே மேற்பார்வையின் பெரும்பகுதி நடைபெறுகிறது. வாட்ஸப் குழுவில் இரவு ஒன்பது மணிக்கு, யார் யார் கணக்கு அனுப்பவில்லை என்று பெயர்ப் பட்டியல் வருகிறது. அவசரச் செய்திக்கு அது நல்ல கருவியே. எனினும் ஐம்பது பேர் காணும் இடத்தில் ஒருவரின் குறையை எழுதுவது, சந்தையில் நிறுத்தி ஏசுவதற்குச் சமம். குறையைத் தனியே சொல்லுதல், நன்மையைப் பலர் அறியச் சொல்லுதல் என்ற பழைய மரியாதை இங்கும் செல்லும். எண்ணைக் கேட்கும் செய்தியை மேற்பார்வை என்று கணக்கில் எழுதிக்கொள்வதும் தவறு.

மரணம் நேர்ந்த பின்

எல்லாவற்றினும் கடினமானது, செவிலியரின் பொறுப்பிலிருந்த ஒரு தாயோ சிசுவோ இறந்துபோன பிறகு வரும் சந்திப்பு. தமிழ்நாட்டில் 1994 முதல் பிரசவ சம்பந்தமான ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தெரிவித்து ஆராயும் முறை ஏற்பட்டது. வைத்தியசாலையில் நடந்தது மட்டுமன்றி, வீட்டாரையும் விசாரித்து, வீட்டை விட்டுப் புறப்படத் தாமதமானதா, வண்டி கிடைக்கத் தாமதமானதா, வைத்தியசாலையில் சிகிச்சை தொடங்கத் தாமதமானதா என்று பார்ப்பது இதன் நோக்கம். குற்றவாளியைத் தேடுவதற்கன்று, அடுத்த தாயைக் காப்பதற்கே இவ்விசாரணை என்பது இம்முறையின் அடிப்படை. 2001 முதல் 2003 வரை லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 134 ஆயிருந்த தாய்மார் மரணம், 2018 முதல் 2020 வரையிலான கணக்கில் 54 ஆகக் குறைந்தது. இரத்த வங்கிகள், இருபத்துநான்கு மணி நேரப் பிரசவ நிலையங்கள், 108 வண்டிகள் எனக் காரணங்கள் பல உண்டு. மரணங்களை மறையாமல் எழுதி ஆராய்ந்ததும் அவற்றுள் ஒன்றெனக் கருதுதல் தகும்.

ஆயினும் அடிப்படை ஒன்று, நடைமுறை மற்றொன்று. விசாரணைக்கு அழைக்கப்படும் செவிலியரின் நெஞ்சில் நிற்பது, அடுத்து எனக்கு என்ன தண்டனை என்னும் ஒரே கேள்வி. ஆகவே மரணம் நேர்ந்த மறுநாள், எந்தப் படிவமும் இல்லாமல் மேற்பார்வையாளர் ஒரு முறை அவரைப் போய்ப் பார்த்தல் வேண்டும். ஏழு மாதமாக வீடு தேடிச் சென்று பார்த்த பெண் இறந்திருக்கிறாள். அவள் மூத்த குழந்தை அதே தெருவில் நிற்கிறது. அத்தெரு வழியே செவிலியர் இன்றும் போக வேண்டும். முதலில் அவர் அழுவதற்கு இடம் கொடுத்து, இரண்டு நாள் வேறொருவர் அவ்வேலையைப் பார்க்க ஏற்பாடு செய்து, விசாரணைப் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளல் முறை. ஆதரவு என்பது தவறில்லை என்று பொய்யாகத் தேற்றுவதன்று. தவறு இருந்தால் அது பின்னர் உள்ளபடி சொல்லப்படும். ஆனால் சொல்லுகிறவர் முதல் நாள் வந்தவராயிருப்பார்.

செவிலியரின் குடும்பக் கவலைகள் மேற்பார்வையில் எதுவரை இடம் பெறலாம் என்றும் கேட்கப்படுவதுண்டு. வேலையை அது எவ்வளவு பாதிக்கிறதோ அவ்வளவே. கணவரின் குடிப்பழக்கத்தால் இரவெல்லாம் தூக்கமில்லை என்றால், அதைக் கேட்டு, வேலை நேரத்தை மாற்ற முடியுமா என்று பார்த்து, தக்க உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்லலாம். மாதந்தோறும் அதையே பேசி, ஏட்டைத் திறவாமல் போவது மேற்பார்வையன்று.

பகுதிச் செவிலியரையும் ஒருவர் இவ்வாறு உட்கார்ந்து கேட்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். மேலிருந்து அவருக்கு விழுவது எண்ணும் ஏச்சும் மட்டுமானால், கீழே அவர் கொடுப்பதும் அதுவாகவே இருக்கும். ஊழியருக்குப் பல நாள் பயிற்சியளித்து, மேற்பார்வையாளருக்குப் பதவி உயர்வு உத்தரவை மட்டும் கொடுப்பது பல துறைகளிலும் காணும் விநோதம். நன்றாகப் பிரசவம் பார்த்தவர் நன்றாக மேற்பார்வை செய்வார் என்பது நிச்சயமில்லை. அது தனியே கற்க வேண்டிய தொழில்.

அங்கத்தினர் செய்யக்கூடியது

கிராமத்தார் இவ்விஷயத்தில் வெறும் பார்வையாளர்கள் அல்லர். நர்ஸம்மா வரவில்லை என்றால் நேரே ஜில்லாக் கலெக்டருக்கு மனு எழுதும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. மனு மேலிருந்து கீழே வரும்போது அது விசாரணையாக வருகிறது, விசாரணை வந்தவுடன் ஏடுகள் பூர்த்தியாகின்றன, வருகை பூர்த்தியாவதில்லை. முதலில் செவிலியரிடமே, பஞ்சாயத்தார் ஒருவரும் தாய்மார் இருவரும் போய்க் கேட்கலாம். பதில் திருப்தியில்லையாயின் பகுதிச் செவிலியரிடமும், பின்னர் மருத்துவ அலுவலரிடமும் தெரிவிக்கலாம். லஞ்சமோ, உயிருக்கு ஆபத்தோ ஆயின் இந்த வரிசைக்குக் காத்திராமல் உடனே மேலிடத்திற்குத் தெரிவிப்பதே முறை.

2005-இல் தொடங்கிய தேசிய கிராமச் சுகாதார இயக்கத்தின் கீழ், கிராமத்திற்கென்று ஒரு சுகாதாரக் கமிட்டியும், அதற்கு வருஷத்திற்கு ரூ. 10,000 வரை தனிநிதியும் என்னும் ஏற்பாடு உண்டு. சங்கத்தில் கணக்கெழுதிப் பழகிய ஓர் அங்கத்தினரேனும் அக்கமிட்டிக் கூட்டத்திற்குச் செல்வது நன்று. துணை நிலையத்தில் இரத்த அழுத்தக் கருவி வேலை செய்கிறதா, தராசு சரியாக நிற்கிறதா, செவிலியரும் மேற்பார்வையாளரும் பிறர் காதில் விழாமல் பேச ஓர் அறை உள்ளதா என்று அங்கே கேட்கலாம். கருவி கெட்டிருந்தால், அதைப் பழுது பார்க்க நிதியிலிருந்து எவ்வளவு, யார் பொறுப்பில், எந்தத் தேதிக்குள் என்பதை அன்றே தீர்மானித்து மினிட் புஸ்தகத்தில் எழுதிவிடலாம்.